அமாவாசைக் கணவாய்

கணவாய்க்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். அதற்குள் அது முட்டையிலிருந்து வெளியே வந்து, தின்று, வளர்ந்து, பருவமடைந்து, துணை தேடி, சந்ததியை உண்டாக்கி, செத்தும் போய்விடும். இவ்வளவு காரியத்தையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் முடித்துக்கொள்ளும். அந்தக் கணவாயில் ஆண் எப்போது, எப்படிப் பருவமடைகிறது என்று கண்டுபிடிக்க சுந்தரராமன் ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டார். அவர் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது விழிஞ்ஞம் கடலில் நீந்திய கணவாய்களுக்கு அதற்குள் எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது. சுந்தரராமனுக்கு முப்பத்தேழு வயது ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை.

ஆகாததற்குக் காரணம் கணவாய்தான். "பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுத்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்" என்று அவருடைய அம்மா சீதாலக்ஷ்மி முடிவு செய்திருந்தாள். திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளே அவர்கள் இருந்த அக்ரகாரத்தில் எதிர்வீட்டுப் பையன் எஞ்சினியர், பக்கத்து வீட்டுப் பையன் பம்பாயில் ஆடிட்டர். தன் பிள்ளை ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் என்று பத்திரிகையில் அச்சடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பட்டம் வந்தால் வேலை நிரந்தரமாகும், வேலை நிரந்தரமானால் கல்யாணம். ஆகக்கூடி, கடலில் இருக்கும் ஆண்கள் பருவமடைந்ததை நிரூபித்தால்தான் கரையில் இருக்கும் இந்த ஆணுக்கு விமோசனம்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று அம்மா, "எதைப் பத்திடா படிக்கப்போறே?" என்று கேட்டாள். கணவாய் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஏகாதசியன்று வெங்காயம்கூட வாசற்படி தாண்டாத வீடு அது. "சங்கு வர்க்கம்மா" என்றார். விலங்கியல்படி அதில் பொய்யே இல்லை. சங்கும் நத்தையும் கணவாயும் மெல்லுடலி என்ற ஒரே குடும்பத்துப் பங்காளிகள். சீதாலக்ஷ்மி வர்க்கத்தை விட்டுவிட்டுச் சங்கை மட்டும் எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே இரண்டு வீடுகளிலிருந்து வலம்புரி கிடைக்குமா என்று ஆள் வந்தது.

ஒரு மாதத்துக்குள் சட்டையின் நாற்றம் அம்மாவுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. அவள் கத்தவில்லை. தெருவுக்குச் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வீட்டுக்குள் மட்டும் சட்டம் போட்டாள். கடற்கரைக்குப் போன நாட்களில் அவர் வாசல் வழியாக வரக்கூடாது. பின்சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, அங்கேயே உடுப்பைக் கழற்றிப் போட்டு, கிணற்றடியில் குளித்து, மாற்று வேஷ்டி கட்டிக்கொண்டுதான் அடுக்களைப் பக்கம் தலைகாட்ட வேண்டும். ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று இந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்ட குளிமுறையை வைத்து ஒரு தனி ஆய்வேடு எழுதியிருந்தால் அது சீக்கிரமே முடிந்திருக்கும்.

ஆண் கணவாயின் பருவம் முகத்தில் தெரியாது. அதற்கு மீசை கிடையாது, குரல் உடையாது. அதன் எட்டுக் கைகளில் இடப்பக்கத்து அடிக்கையைப் பார்க்க வேண்டும். சின்னதாக இருக்கும்போது அதுவும் மற்றக் கைகளைப்போல வரிசையாக உறிஞ்சிகளோடு இருக்கும். வயதுக்கு வர வர நுனியில் உள்ள உறிஞ்சிகள் சிறுத்து, சீப்புப் பல்லைப்போல நீண்டுவிடும். பெண்ணிடம் விந்தைக் கொண்டுசேர்க்கும் கை அதுதான். பிறகு வயிற்றுப்பக்கம் கீறிப் பார்த்தால் பின்கோடியில் விந்தகம் இருக்கும். இளசில் அது கண்ணாடிபோல் மெல்லிய கீற்று. முற்றியபின் பால்நிறத்தில் தடித்துக் கிடக்கும். அங்கே உண்டாகும் விந்து நெளிந்த குழாய் வழியாக வருகிறபோதே நூல் நூலாகப் பொட்டலம் கட்டப்பட்டு, ஒரு பையில் போய்க் கட்டுக்கட்டாகச் சேரும். பை நிறைந்திருந்தால் முழுப்பருவம். காலியாக இருந்தால் பிஞ்சு. ரெண்டுங்கெட்டானாக இருந்தால் விடலை.

சுந்தரராமன் இதில் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கணவாயைத் திறந்த மாத்திரத்தில் அது எந்தப் பருவம் என்று சொல்லிவிடுவார். பெரிய ஆண்கள் பெண்ணுக்குக் காவல் நிற்க, சில குட்டி ஆண்கள் சின்ன உடம்போடேயே பருவமடைந்து, இடுக்கில் புகுந்து காரியத்தை முடித்துக்கொண்டு ஓடிவிடும் என்பதையும் வகுப்பில் உணர்ச்சியில்லாத குரலில் விளக்குவார். மாணவிகள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் குட்டிகளைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு துளி பொறாமை இருந்தது என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆராய்ச்சியின் இரண்டாம் வருஷம் அப்பா இறந்துபோனார். அது முதல் அமாவாசைதோறும் தர்ப்பணம் பண்ண வேண்டியது சுந்தரராமனின் கடமை. அரைமணி நேரத்து வேலை. ஆனால் சீதாலக்ஷ்மி நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். "எள்ளும் ஜலமும் விடற கையாலே அன்னிக்கு அந்தக் கண்றாவியைத் தொடப்படாது, கேட்டயா" என்றாள். சுந்தரராமன் கேட்டார். அம்மா சொல்லி அவர் கேட்காதது எது?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய வழிகாட்டி பேராசிரியர் கமலாசனன், சந்திரனுக்கும் கணவாய்க்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று நினைத்து, அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி என்று நான்கு நாளும் கடற்கரையில் கணவாய் வாங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார். மூன்று நாளைக்குச் சுந்தரராமனே போனார். அமாவாசைக்கு மட்டும் விலங்கியல் துறை உதவியாளர் ஞானையனை அனுப்பினார். ஞானையன் பாறசாலைப் பக்கத்து ஆள், தமிழ் பேசும் கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பிளாஸ்டிக் வாளியோடு போவார், ஐஸில் போட்டுக் கொண்டுவருவார், மறுநாள் சுந்தரராமன் அறுத்துப் பார்ப்பார். ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

வருஷக் கடைசியில் வரைபடம் போட்டுப் பார்த்தபோது கமலாசனன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பௌர்ணமியில் முழுப்பருவ ஆண்கள் ஏராளம். அஷ்டமிகளிலும் தேவலை. அமாவாசை வந்ததும் கோடு தலைகுப்புற விழுந்திருந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் பிஞ்சும் விடலையும்தான். மறுவருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

"எடோ சுந்தரராமா, இதாக்கும் ரிசல்ட்!" என்று கமலாசனன் மேஜையில் தட்டினார். "அமாவாசைக்கு மெச்சூர் ஆயிட்டுள்ள ஆணெல்லாம் ஆழ்கடலுக்குப் போறது. கரையில குட்டிகள் மாத்திரம். இது யாரும் பறஞ்சிட்டில்ல, கேட்டோ?"

யாரும் சொன்னதில்லைதான். கமலாசனன் அதைக் கொச்சியில் ஒரு மாநாட்டிலும் பெங்களூரில் இன்னொரு மாநாட்டிலும் படித்தார். இரண்டிலும் கைதட்டினார்கள். ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் முழுக்க அந்தப் பள்ளத்தைப் பற்றியே இருந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மாதத்தில் சீதாலக்ஷ்மி மனமிரங்கிப் பெண் பார்க்க அழைத்துப் போனாள். பெண் மீரா, கரமனையில் வீடு, அரசாங்க அலுவலகத்தில் வேலை, வயது முப்பத்திரண்டு. பெரியவர்கள் பஜ்ஜியில் மூழ்கியிருந்தபோது இருவரும் ஐந்து நிமிஷம் தனியாகப் பேச அனுமதி கிடைத்தது.

"சங்கு ஆராய்ச்சின்னு அப்பா சொன்னார். ஊதவும் தெரியுமாக்கும்?" என்று மீரா கேட்டாள்.

சுந்தரராமனுக்கு என்ன தோன்றியதோ, ஒன்பது வருஷமாகக் கல்லூரிக்கு வெளியே யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "சங்கு இல்லை. கணவாய்."

"கணவாயா? அதிலே என்ன?"

"ஆண் மட்டும். அது எப்போ வயசுக்கு வர்றதுன்னு பார்க்கறது."

மீரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளேயிருந்து அவள் அப்பா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "அது வர்ற வரைக்கும் நீங்க காத்துண்டிருந்தேளா?" என்றாள். சுந்தரராமனுக்கு முதலில் முகம் சிவந்தது. அப்புறம் அவரும் சிரித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அவருக்கு அந்தச் சிரிப்பே காதில் கேட்டது. அவளை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேறு யாரையும் அவர் அப்படி விரும்பியதில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்த மறு வாரம் நிச்சயதார்த்தம் என்று இரு வீட்டிலும் பேசி முடித்தார்கள்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்னால் ஞானையனின் மகள் ரெஷ்மாவுக்குக் கல்யாணம். சுந்தரராமன் பாறசாலைக்குப் போனார். பந்தலில் சாப்பிட முடியாதென்பதால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து இளநீர் கொடுத்தார்கள். ஞானையனின் மனைவி எலிசாள் பட்டுப்புடவையின் தலைப்பை இழுத்துச் செருகியபடி ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சாருக்க புண்ணியமாக்கும் எங்க பிள்ளைகள் நல்லா தின்னு வளந்தது. மாசா மாசம் அமாவாசைக்கு இந்த மனுஷன் நல்ல வலிய கணவாயாட்டு கொண்டு வரும். 'சாருக்கு சின்னது போரும், அறுத்துப் பாத்துட்டு தூரப் போடப்பட்டதுதானே'ன்னு சொல்லும். வலியதை எல்லாம் நான் தேங்கா வறுத்து அரச்சு வைப்பேன். சார் தின்னமாட்டியளே, அதாக்கும் சங்கடம்."

சுந்தரராமன் இளநீரைக் கீழே வைத்தார். அமாவாசையில் ஆழ்கடலுக்குப் போன முழுப்பருவ ஆண்கள் போய்ச்சேர்ந்த இடம் எதுவென்று அவருக்கு விளங்கிவிட்டது. வறுத்தரைத்த குழம்பில் அவை கிடந்ததற்குத்தான் கொச்சியிலும் பெங்களூரிலும் கைதட்டியிருக்கிறார்கள். எலிசாள் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். சுந்தரராமன், "நன்னா இருக்கட்டும், குழந்தை நன்னா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

மறுநாள் கமலாசனனிடம் சொன்னார். பேராசிரியர் முதலில் கதவைச் சாத்தினார். "எடோ, நீ ஒண்ணும் கேட்டிட்டில்ல. ஞானும் ஒண்ணும் கேட்டிட்டில்ல" என்றார். கொச்சிக்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னார். "எல்லாம் முடியற சமயத்திலே இது என்னடா புதுசா? கணவாய் பெரிசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன, பொண்ணு கிடைச்சாச்சோல்லியோ!" என்றாள். சுந்தரராமன் தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்தார். உண்மையைச் சொன்னால் ஞானையனின் வேலை போகும், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, ஒரு ஏழைக் குடும்பத்தின் வயிற்றில் அடிக்கலாமா? அந்த உயர்ந்த நோக்கத்துக்காகவே வாயை மூடிக்கொள்வது என்று தீர்மானித்தார். அந்தத் தியாகமும் நிச்சயதார்த்தத் தேதியும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருத்தமாக அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

தேர்வு நாள் வந்தது. சீதாலக்ஷ்மி பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மீராவின் அப்பா, கையில் குடை. அடுத்து மீரா. தெருவிலிருந்து வலம்புரிக்காகக் காத்திருந்த இருவரும் வந்திருந்தார்கள். விளக்கை அணைத்து, புரொஜெக்டரைப் போட்டு, கண்ணாடித் தாளை வைத்ததும் சுவர் முழுக்க ஓர் ஆண் கணவாயின் அந்தரங்கம் அத்தனையும் அம்புக்குறிகளோடு விரிந்தது. மீராவின் அப்பா குடையைப் பார்த்தார். வலம்புரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கு எப்போது வரும் என்று அவர்கள் கடைசிவரை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மையார், தூத்துக்குடிக்காரர், தலை நரைத்தவர். ஒன்றிரண்டு கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழுக்கு மாறினார். "எல்லாம் சரி தம்பி. அமாவாசைக்கு வளந்த ஆணெல்லாம் ஆழத்துக்குப் போயிருதுன்னு எழுதியிருக்கீங்க. போறத நீங்க பாத்தீங்களா?"

கமலாசனன் பதில் சொல்ல எழுந்தார். அம்மையார் கையைக் காட்டி உட்கார வைத்தார். சுந்தரராமன் முதல் வரிசையைப் பார்த்தார். இருட்டில் மீராவின் முகம் தெரிந்தது. இவளிடம் முதல் நாள் உண்மை சொன்னோம், அதனால்தான் இவள் சிரித்தாள் என்று அவருக்குத் தோன்றியது. இப்போது பொய் சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் என்ன செய்வது?

"அது எங்கேயும் போகலை மேடம்" என்றார். "நான்தான் போகலை."

கமலாசனன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அமாவாசைக்கு நான் ஒரு நாள்கூடக் கடற்கரைக்குப் போனதில்லை. ஆள் விட்டு வாங்கிண்டேன். எப்பவும் சின்னதாவே வந்தது. ஏன் சின்னதாவே வர்றதுன்னு யோசிக்க வேண்டியது என் வேலை. நான் யோசிக்காம வரைபடம் போட்டுட்டேன். அந்த அத்தியாயம் முழுக்கத் தப்பு."

"ஏன் தம்பி போகல?"

"அம்மா போகப்படாதுன்னா."

முதலில் சிரித்தது மீரா. பிறகு அறையே சிரித்தது. தேர்வாளர் அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. மற்ற அத்தியாயங்கள் நன்றாக இருக்கின்றன, அமாவாசைக் கணவாய்களை ஒரு வருஷம் நீங்களே போய் வாங்கிப் பார்த்து அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி வரிசையில் நின்ற ஞானையன் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் எங்கேயும் வரவில்லை.

அன்றோடு எல்லாம் காற்றில் பறந்தது. கமலாசனன் பேச்சை நிறுத்தினார். தெருவில் வலம்புரி விசாரணை நின்றது. மீராவின் அப்பா குடையை மடக்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அக்ரகாரத்தில் அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் எதையும் யோசித்ததாகச் சரித்திரமில்லை. சீதாலக்ஷ்மி பிள்ளையோடு பேசவில்லை. சோறு போட்டாள், மோர் விட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. சுந்தரராமனுக்குத் துக்கமாக இருந்தது. உண்மை பேசினால் நெஞ்சு லேசாகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் லேசாகவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் துறைக்கு ஒரு போன் வந்தது. "சாரே, ஒரு பெண்ணாக்கும்" என்று ஞானையன் ரிசீவரைக் கொடுத்தார்.

"வர்ற வியாழக்கிழமை அமாவாசை" என்றாள் மீரா. வணக்கம் கிடையாது, சௌக்கியம் கிடையாது. "போவேளா?"

"அம்மா..." என்று தொடங்கினார் சுந்தரராமன்.

"அம்மாவை எனக்குத் தெரியும். டாக்டர் பட்டம் இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் எனக்கு ஒண்ணும் இல்லை, நான் காத்துண்டிருப்பேன். நீங்க அமாவாசைக்குப் போவேளான்னு மட்டும் எனக்குத் தெரியணும். போகலேன்னா அப்பா வேற இடம் பார்க்கட்டும்." போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் சுந்தரராமன் கணவாய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக வாசல் வழியாக இறங்கினார். சீதாலக்ஷ்மி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அமாவாசைக்குக் கோலம் கிடையாது. சும்மாதான் நின்றிருக்கிறாள்.

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமோல்லியோ?" தேர்வு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியும்மா. அதனாலேதான் போறேன்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "உச்சிக்கு முன்னாலே வந்து குளிச்சுட்டுத் தர்ப்பணம் பண்றேன். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா அப்படியே நின்றாள்.

விழிஞ்ஞத்தில் வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. ஞானையன் வாளியோடு முன்னாலேயே வந்து, மணலைப் பார்த்தபடி நின்றார். "சாரே, வலியதா, சின்னதா?" என்று கேட்டார்.

"ரெண்டும். கைக்கு வர்றதெல்லாம்."

ஒதுக்குப்புறமாக ஒரு பலகையில் வைத்து முதல் பெரிய கணவாயைத் திருப்பினார். இடப்பக்கத்து அடிக்கையின் நுனி சீப்புப் பல்லாக நீண்டிருந்தது. வயிற்றைக் கீறினார். பை நிறைந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. கடல்நீர் பட்டதும் அந்த நூல்கள் தாமாகவே நெளிந்து துள்ளி வெடித்தன. அமாவாசை என்று அவற்றுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்ததும் முழுப்பருவம். அதற்கடுத்ததும். சுந்தரராமன் ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அளந்து முடிச்சாச்சு. இதையெல்லாம் எலிசாளுக்கு எடுத்துண்டு போங்கோ" என்றார். ஞானையன் வெட்கத்தோடு பையை நீட்டினார்.

வெயில் ஏறியபின் பின்சந்து வழியாக வந்து கொல்லைக் கதவைத் தள்ளினார். கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தது. துவைத்த வேஷ்டி கொடியில் தொங்கியது. பக்கத்தில் எள்ளும் தர்ப்பையும் தயாராக இருந்தன. அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் அம்மாவின் குரல் வந்தது.

"பெரிசு இருந்துதா?"

ஆராய்ச்சியைப் பற்றி ஒன்பது வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. "இருந்துதும்மா. நிறைய."

"ம். சட்டையை அங்கேயே போடு, உள்ளே கொண்டு வராதே." கொஞ்ச நேரம் பாத்திரம் உருளும் சத்தம். "அந்தப் பொண்ணு போன் பண்ணினா."

சுந்தரராமனின் கை வாளியிலேயே நின்றுவிட்டது. "நீ என்னம்மா சொன்னே?"

"கடலுக்குப் போயிருக்கான்னேன். அமாவாசையன்னிக்கான்னு கேட்டா. ஆமான்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா, சிரிச்சா" என்றாள் சீதாலக்ஷ்மி. "குளிச்சுட்டு வா. அப்பா காத்துண்டிருக்கார்."